குறைகிற கூலண்ட் எங்கே போகிறது?

ஒர்க்‌ஷாப் பக்கம்: வாசகர் கேள்விகளுக்கு சேலம் மெக்கானிக்கின் பதில்கள்

வெயில் ஏறிவிட்டால் எனக்கு வருகிற கடிதங்களில் பாதி 'வண்டி ஹீட் ஆகுது' என்றுதான் ஆரம்பிக்கும். அதனால் இந்த முறை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹீட் ஆகிறது என்று மட்டும் எழுதாதீர்கள், எப்போது ஆகிறது என்றும் எழுதுங்கள். சிக்னலில் நிற்கும்போதா, ஹைவேயில் போகும்போதா, மலை ஏறும்போதா? பாதி வைத்தியம் அந்தப் பதிலிலேயே இருக்கிறது.

*

அண்ணா, எங்களுடையது ஒன்பது வருடம் ஓடிய சின்ன பெட்ரோல் கார். பொங்கல் விடுமுறையில் கொல்லிமலை ஏறும்போது பாதி வழியில் சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே ஓரம் கட்டி, நன்றாக ஆறவிட்டு, இரண்டு பாட்டில் குடிதண்ணீர் ஊற்றி மேலே போய்விட்டோம். அன்றிலிருந்து வாரா வாரம் கூலண்ட் டேங்கில் அரை விரல் அளவு குறைகிறது. வண்டிக்குக் கீழே ஒரு சொட்டுகூட இல்லை. ஒரு மெக்கானிக் ரேடியேட்டரை மாற்ற வேண்டும் என்கிறார். இன்னொருவர் ஹெட் கேஸ்கட் போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார். யாரை நம்புவது?
— ஆசிரியை, நாமக்கல்

டீச்சர், இப்போதைக்கு இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். ஒருவர் தண்ணீரை ஆறவைக்கிற ரேடியேட்டர் என்கிறார், ஒருவர் இன்ஜினுக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைத்து நிற்கிற கேஸ்கட் என்கிறார். தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று இருவருமே சொல்லவில்லை. இன்ஜினின் சூட்டை இழுத்துக்கொள்கிற கூலண்ட், பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. மூடிய பாதையில் சுற்றிச் சுற்றி வருவது. வாரத்துக்கு அரை விரல் குறைகிறதென்றால் அது வெளியே கசிகிறது, இல்லை காருக்குள்ளே கசிகிறது, அதுவும் இல்லையென்றால் இன்ஜினுக்குள் போய் எரிகிறது. எது என்று தெரியாமல் ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்க விடாதீர்கள்.

கீழே சொட்டு இல்லை என்பதை வைத்து லீக் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. ஆறின வண்டியில் அந்தப் பாதைக்குள் பிரஷர் இருக்காது. ஓடிச் சூடானதும் ஒரு பார் அளவுக்கு ஏறும். மயிரிழை விரிசல் அப்போதுதான் வாய் திறக்கும். வெளியே வருகிற கொஞ்சமும் சூடான இன்ஜின் மேல் பட்டு ஆவியாகிவிடும். காலையில் எழுந்து குனிந்து பார்த்தால் தரை காய்ந்துதான் கிடக்கும்.

ஆனால் கூலண்ட் தடம் விடாமல் போகாது. தண்ணீர் ஆவியானாலும் சாயமும் உப்பும் அங்கேயே படியும். வண்டி ஆறியிருக்கும்போது ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு பானெட்டைத் திறந்து பாருங்கள். உங்கள் கூலண்ட் பச்சை என்றால் வெளிர்பச்சையாக, ரோஸ் என்றால் வெளிர் ரோஸாக, உப்புப் பூத்த சுவர் மாதிரி ஒரு படிவு எங்காவது இருக்கும். ரேடியேட்டரின் அலுமினிய வலையும் பிளாஸ்டிக் டேங்கும் சேர்கிற விளிம்பு, மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் மாட்டியிருக்கிற கிளிப், சூடு ஏறியதும் தண்ணீருக்கு வழி திறக்கிற தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கிற கூடு, வாட்டர் பம்ப்பின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் பாருங்கள். வாட்டர் பம்ப்பில் வேண்டுமென்றே ஒரு சின்ன ஓட்டை விட்டிருப்பார்கள். உள்ளே இருக்கிற சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் அந்த ஓட்டை வழியாக வெளியே வர வேண்டும் என்பதற்காக. அதில் கோடு கோடாகக் கறை இருந்தால் பம்ப்பின் காலம் முடிந்தது என்று அர்த்தம். சிலர் அந்த ஓட்டையையே எம்-சீல் போட்டு அடைத்துவிட்டு லீக் நின்றது என்பார்கள். அடுத்து போவது பேரிங்.

கண்ணுக்கு எதுவும் படவில்லையா? மூடிக்கு வாருங்கள். ரேடியேட்டர் மூடியோ, டேங்க் மூடியோ, அதன் மேல் 0.9 அல்லது 1.1 என்று ஒரு எண் இருக்கும். அவ்வளவு பார் பிரஷர் வரை அந்த மூடி தாங்கிப் பிடிக்கும் என்று பொருள். பிரஷர் ஏறினால் கொதிநிலையும் ஏறும். சாதாரண தண்ணீர் திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும், ஒரு பார் கூடுதல் பிரஷரில் ஏறக்குறைய 120 டிகிரி வரை தாங்கும். பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் கிட்டத்தட்ட பத்து டிகிரி சேரும். மூடியின் ரப்பர் காய்ந்து, ஸ்பிரிங் தளர்ந்து போனால் இந்தக் கணக்கு எல்லாம் கவிழ்ந்துவிடும். மலை ஏறும்போது கொதித்து ஓரமாக வழிந்துவிட்டுப் போகும். சில நூறு ரூபாய் மூடியை விட்டுவிட்டு ரேடியேட்டரை மாற்றிய வண்டிகள் என் கடைக்கு நிறையவே வருகின்றன. உங்கள் காருக்கு உரிய எண் போட்ட மூடியாகவே வாங்குங்கள். கூடுதல் பார் இருந்தால் நல்லதுதானே என்று 0.9 இருந்த இடத்தில் 1.4 போட்டால் பழைய ஹோஸ் பிளக்கும்.

அப்புறம் பிரஷர் டெஸ்ட். மூடி இருக்கிற இடத்தில் மீட்டர் வைத்த கை பம்ப்பை மாட்டி, ஆறின இன்ஜினில், மூடியில் எழுதியிருக்கிற அளவுக்குக் காற்று ஏற்றிவிட்டு கால்மணி நேரம் விட்டுவிட வேண்டும். முள் இறங்கினால் எங்கோ வெளியேறுகிறது. போன மாதம் உங்கள் காரைப் போலவே ஒன்று வந்தது. ரேடியேட்டரின் இடது பிளாஸ்டிக் டேங்கில், மேல் ஹோஸ் மாட்டுகிற கழுத்துக்குக் கீழே, நகத்தால் தடவினால்கூடத் தெரியாத ஒரு கோடு. பம்ப்பை அடிக்க அடிக்க அந்தக் கோட்டில் கடுகளவு ஒரு ரோஸ் முத்து முளைத்தது. துடைத்தோம், மறுபடி முளைத்தது. கழற்றாமல், பிரிக்காமல் காரணம் கிடைத்துவிட்டது. உங்கள் இரண்டு மெக்கானிக்குகளிடமும் 'பிரஷர் டெஸ்ட் பண்ணீங்களா?' என்று மட்டும் கேளுங்கள். பண்ணியிருக்கிறேன் என்று சொல்லி மீட்டரைக் காட்டுகிறவரிடம் வண்டியை விடுங்கள்.

முள் இறங்குகிறது, ஆனால் இன்ஜின் பக்கம் ஈரமே இல்லை என்றால் காருக்குள்ளே பாருங்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஹீட்டருக்கென்று ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. அது கசிந்தால் முன்சீட்டில் இடதுபக்கம் உட்காருகிறவரின் காலடி மேட் நனையும், உள்ளே ஒரு தித்திப்பு வாசனை வரும், முன்கண்ணாடியில் எண்ணெய்ப் பசை மாதிரி புகை படியும். ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருந்தாலும் அதே மேட்தான் நனையும். தொட்டுப் பாருங்கள். ஏ.சி. தண்ணீரில் நிறமோ பிசுபிசுப்போ இருக்காது.

ஹெட் கேஸ்கட் என்று சொன்னவர் எதை வைத்துச் சொன்னார் என்று தெரியவில்லை. கேஸ்கட் போனால் அதற்கென்று குறிகள் உண்டு. காலையில் ஆறின வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகும். டேங்கில் நிற்காமல் குமிழி வரும். சைலன்சரில் வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காது, அதில் தித்திப்பு வாசனை இருக்கும். ஆயில் மூடியின் உட்புறம் பால் காபி நிறத்தில் நுரை படிந்திருக்கும். இதையெல்லாம் தாண்டி ஒரு நீல மருந்து டெஸ்ட் இருக்கிறது. டேங்கிலிருந்து வருகிற காற்றை அந்த மருந்து வழியாக இழுப்பார்கள். பெட்ரோல் வண்டியில் எரிந்த புகை கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். மஞ்சளானால் ஹெட்டை இறக்கத்தான் வேண்டும். அப்படி இறக்கினால் ஹெட் வளைந்திருக்கிறதா என்று ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்திருந்தால் லேத்தில் ஃபேசிங் பண்ணி மட்டமாக்க வேண்டும். ஹெட் போல்ட்டுகளும் புதிதாகவே போடச் சொல்லுங்கள். பல இன்ஜின்களில் அவை ஒருமுறை இழுபட்டால் திரும்பப் பயன்படுத்தக் கூடாத வகை.

கடிதத்தை வைத்து ஜோசியம் சொல்வதென்றால் என் சந்தேகம் முதலில் மூடி, அடுத்தது ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க், அப்புறம் வாட்டர் பம்ப். கேஸ்கட் கடைசி. சிவப்பு விளக்கைப் பார்த்ததும் நிறுத்திவிட்டீர்களே, அதனால்தான் கேஸ்கட்டைக் கடைசியில் வைத்தேன். கொல்லிமலையின் 70 ஊசிவளைவுகளில் முதல் கியரும் இரண்டாம் கியருமாக ஏறும்போது இன்ஜின் முழுப் பலத்தோடு உழைக்கும், வேகம் இல்லாததால் எதிர்க்காற்று கிடைக்காது. நாமக்கல்லுக்குள் ஓடும்போது வெளியே தெரியாத சின்னக் குறை அங்கே பல்லைக் காட்டும். லீக்கை அடைத்தபின் பழைய கூலண்ட் முழுவதையும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். அந்த இரண்டு பாட்டில் தண்ணீரும் அதற்குப் பிறகு ஊற்றினவையும் சேர்ந்து இப்போது உள்ளே இருப்பது கூலண்ட் வாசனை அடிக்கிற தண்ணீர்தான்.

*

ஓ.எம்.ஆர். சிக்னலில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் முக்காலுக்கு ஏறுகிறது. ஈ.சி.ஆரில் எண்பதில் போனால் தானாக இறங்கிவிடுகிறது. கூலண்ட் குறையவில்லை. ரேடியேட்டர் அடைப்பா?
— ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

அடைப்பு என்றால் எண்பதில்தான் முதலில் ஏறும். நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் காற்றுதான் பிரச்சினை. ஓடும்போது காற்று தானாக வந்து மோதுகிறது, நிற்கும்போது ஃபேன்தான் இழுக்க வேண்டும். உங்கள் ஃபேன் வேலை செய்யவில்லை, அல்லது அரைகுறையாகச் சுற்றுகிறது.

இன்னொரு சாட்சியும் உங்களிடமே இருக்கும். சிக்னலில் ஏ.சி. குளிர்ச்சி குறைந்து, வண்டி நகர்ந்ததும் திரும்ப வருகிறதா? ஏ.சி.யின் சூட்டை வெளியே விடுகிற கண்டென்சருக்கும் காற்று கொடுப்பது அந்த ஃபேன்தான். வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓட, ஏ.சி. போட்டுப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் கொஞ்ச நேரத்திலேயே ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார், சென்சார் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். மோட்டார் கார்பன் தேய்ந்திருந்தால் ஒரு தட்டு தட்டினால் ஓடும், அடுத்த சிக்னலில் நிற்கும். கையை மட்டும் உள்ளே விடாதீர்கள். இன்ஜினை நிறுத்திய பிறகும் சில வண்டிகளில் ஃபேன் திடீரென்று சுற்றும்.

'ஃபேனை டைரக்ட் பண்ணி விட்டுடறேன் சார்' என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். சாவி போட்டதிலிருந்து ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், மோட்டார் சீக்கிரம் போகும். அதைவிடப் பெரிய தொல்லை, ரிலே இல்லாமல் இழுத்த ஒயர் சூடாகி உருகுவது.

*

ஹீட் ஆனால் வழியில் உடனே என்ன செய்ய வேண்டும்? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள். அடிக்கடி ஏற்காடு போகிறவள்.
— கல்லூரி மாணவி, சேலம்

நம்ம ஊர்ப் பெண். சரி, முள் ஏறுகிறது, ஆனால் இன்னும் சிவப்பைத் தொடவில்லை என்றால்: ஏ.சி.யை நிறுத்து. ஹீட்டரைச் சூடான பக்கம் முழுக்கத் திருப்பி, புளோயரை உச்சத்தில் வை, கண்ணாடிகளை இறக்கு. வெயில் காலத்தில் இது கொடுமையாகத்தான் இருக்கும், ஆனால் இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை அந்தக் குட்டி ரேடியேட்டர் உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்த வளைவில் இடம் பார்த்து ஒதுங்கு.

ஹீட்டரில் குளிர்ந்த காற்று வருகிறதா? அது கெட்ட சகுனம். அங்கே சுற்றுவதற்குத் தண்ணீரே இல்லை. அந்த நிலையில் முள் இறங்கினாலும் நம்பாதே. சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் வடிந்து அது அந்தரத்தில் நின்றால் முள் கீழேயே கிடக்கும், இன்ஜின் மட்டும் வெந்துகொண்டிருக்கும்.

சிவப்பு விளக்கு எரிந்தாலோ, பானெட் ஓரத்தில் ஆவி வந்தாலோ, வண்டியை ஓரம் கட்டி உடனே ஆஃப் பண்ணு. 'இன்னும் ரெண்டு வளைவுதான்' என்று ஓட்டுகிற அந்த இரண்டு வளைவில்தான் ஹெட் வளையும். பானெட் தகடு கொதித்தால் கொஞ்சம் பொறுத்துத் திற. மூடியை அரைமணி நேரமாவது தொடாதே. உள்ளே இருப்பது 100 டிகிரிக்கு மேல் சூடாகி, பிரஷரால் மட்டுமே கொதிக்காமல் அடங்கியிருக்கிற தண்ணீர். திறந்த நொடியில் மொத்தமும் கொதித்து முகத்துக்கு வரும். மேல் ஹோஸை அழுத்திப் பார்த்து, தளர்ந்து, கை பொறுக்கிற சூட்டில் இருந்தால் மட்டும் தடிமனான துணியைப் போட்டு மெதுவாகத் திருப்பு. இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை வாரி ஊற்றுகிறவர்கள் யாராவது வந்தால் தடுத்துவிடு. சூடான ஹெட் திடீரென்று குளிர்ந்தால் விரிசல் விடும். டேங்கில் ஊற்றுவதையும் ஆறின பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக.

*

எல்.பி.ஜி. கிட் போட்ட கால் டாக்சி ஓட்டுகிறேன். இன்ஜின் அருகே இருக்கிற கேஸ் வேப்பரைசர் மேல் மதுரை வெயிலில் பனி படிகிறது! பிக்கப்பும் இல்லை. கேஸ் ஆள் வேப்பரைசரை மாற்றச் சொல்கிறார்.
— ஓட்டுநர், மதுரை

தோழரே, முதலில் கூலண்ட் அளவைப் பாருங்கள். திரவ கேஸ் வேப்பரைசருக்குள் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சும். அந்தச் சூட்டைக் கொடுக்கத்தான் ஹீட்டர் ஹோஸை வெட்டி, டி ஜாயின்ட் போட்டு, இன்ஜின் தண்ணீரை வேப்பரைசருக்குள் சுற்ற விட்டிருக்கிறார்கள். இன்ஜின் சூடான பிறகும் பனி பிடிக்கிறது என்றால் சூடான தண்ணீர் அங்கே வரவில்லை. தண்ணீர் குறைந்திருக்கலாம், காற்று அடைத்திருக்கலாம், ஹோஸ் மடங்கியிருக்கலாம்.

அந்த டி ஜாயின்ட்தான் கேஸ் வண்டிகளின் பலவீனம். மலிவான பிளாஸ்டிக் ஜாயின்ட் சூட்டில் மொறமொறத்து ஒருநாள் இரண்டாகும், பயணியோடு நடுரோட்டில் நிற்பீர்கள். பித்தளை ஜாயின்ட் போட்டு நல்ல கிளிப் மாட்டுங்கள். கம்பி முறுக்குவது வேண்டாம். அதன்பின் நிரப்பும்போது காற்றை வெளியேற்றுவது முக்கியம். வண்டியின் மூக்கு மேடாக இருக்கும்படி நிறுத்தி, ஆறின இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணி, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, குமிழி நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருந்து மூடுங்கள். ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கட்டும். மறுநாள் காலை ஆறினதும் அளவு பார்த்து நிரப்புங்கள். இதற்கெல்லாம் பிறகும் பனி பிடித்தால் கேஸ் ஆள் சொன்னதைக் கேளுங்கள்.

*

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டார் எங்கள் மெக்கானிக். 'நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?' என்கிறார். முள் இப்போது பாதிக்கும் கீழேதான் நிற்கிறது. நல்லதுதானே?
— விவசாயி, ஆத்தூர்

நல்லதில்லை ஐயா. ஆத்தூர் வெயில் 40 டிகிரி என்றாலும் இன்ஜினுக்கு அது குளிர்தான். அதற்கு வேண்டியது 90 டிகிரி சுற்றுவட்டாரம். தெர்மோஸ்டாட்டுக்குள் ஒரு மெழுகு இருக்கிறது. 82 அல்லது 88 டிகிரியில் உருகி விரிந்து வழியைத் திறக்கும். அது இல்லையென்றால் இன்ஜின் சூடாகவே நேரம் எடுக்கும், கம்ப்யூட்டர் இன்னும் குளிர் என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும், மைலேஜ் விழும், ஆயிலில் ஈரம் தங்கும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியை மூடவும் செய்யும். அதைக் கழற்றினால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, மலையேற்றத்தில் முன்னைவிட அதிகமாகச் சூடாகும்.

பழையது கெட்டதா என்று நீங்களே பார்க்கலாம். சமையலுக்கு ஆகாத ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பைப் பற்ற வையுங்கள். தண்ணீர் கொதி வருவதற்குள் வால்வு திறக்க வேண்டும். கொதித்த பிறகும் மூடியே கிடந்தால் புதிது வாங்குங்கள்.

*

போர் தண்ணீர் ஊற்றலாமா? பச்சைக் கூலண்டில் ரோஸ் கலக்கலாமா?
— ஓய்வுபெற்ற அலுவலர், திருநெல்வேலி

போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கெட்டிலுக்குள் படிகிற அதே வெள்ளைப் பொருக்கு ரேடியேட்டரின் நூல் போன்ற குழாய்களிலும் படியும். பேட்டரி கடையில் கிடைக்கிற டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். நிறத்தை நம்பிக் கலக்காதீர்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உள்ளே இருக்கிற ரசாயனம்தான் கணக்கு. சேராத இரண்டு கலந்தால் கூழாகலாம். வண்டியோடு வந்த புத்தகத்தில் எந்த வகை என்று இருக்கும். வாங்கும்போது தண்ணீர் கலந்தே விற்பதா, நீங்கள் கலக்க வேண்டியதா என்று டப்பாவைப் படியுங்கள்.

வடித்த கூலண்டைத் தரையில் விடாதீர்கள், குளிர்பான பாட்டிலில் ஊற்றியும் வைக்காதீர்கள். தித்திப்பாக இருப்பதால் நாய் நக்கும், குழந்தை குடிக்கும். கூலண்டில் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் சிறுநீரகத்தைத் தாக்குகிற விஷம். குடித்தது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

*

ரேடியேட்டர் லீக்குக்கு மஞ்சள் தூள் போட்டால் அடைக்கும் என்று லாரிக்கார மாமா சொல்கிறார். உண்மையா?
— வாசகர், சங்ககிரி

அடைக்கும். மாமா பொய் சொல்லவில்லை. பழைய லாரிகளின் பித்தளை ரேடியேட்டரில் குழாய்கள் அகலம், ஊசி ஓட்டையை மஞ்சள் அடைத்துக்கொண்டு அடுத்த ஊர் வரை கொண்டு சேர்க்கும். உங்கள் காரின் குழாய்கள் குறுகல், ஹீட்டருடையது இன்னும் குறுகல். ஓட்டையை அடைக்கிற மஞ்சளுக்கு நல்ல குழாய் எது, கெட்ட குழாய் எது என்று தெரியாது. கடையில் விற்கிற லீக் அடைக்கும் மருந்துக்கும் இதே பதில்தான்.

ஏற்கனவே போட்டுவிட்டீர்கள் என்றால் மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ரேடியேட்டரைக் கழற்றி எதிர்ப்பக்கமாகத் தண்ணீர் விட்டு அலசுவார். ஹீட்டர் ஹோஸ்களையும் தனியாகக் கழற்றி அலசச் சொல்லுங்கள். அதை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.